எண்ணெய் தெளித்த பின்னும் உதிராத பழுப்புப் புடைப்புகள்: மென்செதில் பூச்சிகள் குறித்து ஓர் ஐயம்

கேள்வி: நந்தியாவட்டை

அனைவருக்கும் வணக்கம். தொட்டியில் வளரும் எலுமிச்சைச் செடி ஒன்றைப் பற்றிய ஐயம் இது. நன்றாகத் தழைத்துக் காய்த்துக்கொண்டிருந்த அச்செடியின் இலைகள் சில மாதங்களாக மேற்புறத்தில் பிசுபிசுவென்று ஒட்டுகின்றன. கீழ்க்கிளைகளில் உள்ள இலைகள் மீது புகைக்கரி நிறத்தில் ஒரு படலம் படர்ந்திருக்கிறது. அந்தக் கரும்படலம்தான் நோய் என்று ஒருவர் கூறியதால் பூஞ்சாணக்கொல்லி தெளித்தேன். எந்த மாற்றமும் தெரியவில்லை. பிறகு இலையைத் திருப்பிப் பார்த்தபோதுதான், நடு நரம்பின் இருபுறமும் இளந்தண்டுகளிலும், நீள்வட்ட வடிவத்தில், மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில், ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமுள்ள தட்டையான புடைப்புகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஒட்டியிருப்பதைக் கண்டேன். அவை அசைவதேயில்லை. எறும்புகள் மட்டும் அடித்தண்டிலிருந்து நுனிக் கொழுந்து வரை ஓயாமல் ஏறி இறங்குகின்றன.

இவை செதில் பூச்சிகள் என்று தேடி அறிந்துகொண்டு, வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து வாரந்தோறும் தெளித்து வருகிறேன். ஆனால் புடைப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவை உயிரோடு இருக்கின்றனவா, இறந்த பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? வேரில் ஊற்றினால் செடி முழுவதும் ஏறி வேலை செய்யும் மருந்து இருப்பதாகவும், அதை ஒருமுறை ஊற்றினால் போதும் என்றும் சொல்கிறார்கள். காய்க்கும் செடிக்கு அதை ஊற்றலாமா என்பதிலும் எனக்குத் தெளிவில்லை. அருகில் உள்ள ரோஜாச் செடியின் தண்டில் வெண்ணிறத்தில் பொருக்குப் போன்று ஏதோ ஒட்டியிருக்கிறது. அதுவும் இதே பூச்சிதானா?

பதில்: இலைநரம்பு

வணக்கம். தாங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால், எலுமிச்சையில் இருப்பது பழுப்பு மென்செதில் பூச்சியாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. 1758-ஆம் ஆண்டிலேயே இயற்கை அறிஞர் லின்னேயஸ் காக்கஸ் ஹெஸ்பெரிடம் என்று பெயரிட்டு விவரித்த இனம் இது. எலுமிச்சைக் குடும்பத்தில் மட்டுமல்லாமல், வீட்டுக்குள் வளர்க்கும் அழகுச் செடிகள் உட்பட நூற்றுக்கணக்கான செடி வகைகளில் இது வாழ்கிறது. அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி ஆகியவற்றுக்கு நெருங்கிய உறவு என்பதை மனத்தில் கொண்டால், தாங்கள் கண்ட பிசுபிசுப்பு, கரும்படலம், எறும்பு ஆகிய மூன்றும் ஒரே காரணத்தின் மூன்று விளைவுகள் என்பது எளிதில் விளங்கும்.

மென்செதில் பூச்சி தன் உடலைவிட நீளமான, மயிரிழையினும் மெல்லிய ஊசி போன்ற வாயுறுப்பை இலைக்குள் செலுத்தி, செடி தான் தயாரித்த சர்க்கரையைக் கடத்திச் செல்லும் புளோயம் குழாயைத் துளைத்து அங்கிருந்து சாற்றை உறிஞ்சுகிறது. அந்தச் சாற்றில் சர்க்கரை ஏராளம். உடல் வளர்ச்சிக்குத் தேவையான அமினோ அமிலங்களோ மிகக் குறைவு. ஆகவே தேவையான அளவு அமினோ அமிலத்தைச் சேர்ப்பதற்காகப் பூச்சி பெருமளவு சாற்றை உறிஞ்சவும், மிகுதியான சர்க்கரையை நீருடன் சேர்த்து வெளியேற்றவும் வேண்டியிருக்கிறது. நல்ல லென்ஸ் ஒன்றின் வழியே புடைப்பின் பின்முனையைப் பார்த்தால், அங்கே ஒரு சிறு பிளவும், பிளவின் உட்கோடியில் இரண்டு சிறிய முக்கோணத் தகடுகளும் தெரியும். சற்றுப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தத் தகடுகள் விரிந்து, தெளிந்த திரவத் துளி ஒன்று வெளிவருவதையும் காணலாம். கீழே உள்ள இலைகளின் மேற்புறத்தில் விழுந்து பிசுபிசுக்கும் தேன் போன்ற கழிவு அதுதான். எனவேதான் பிசுபிசுப்பு எந்த இலையில் இருக்கிறதோ அந்த இலையில் பூச்சியைத் தேடாமல், அதற்கு நேர் மேலே உள்ள இலையின் அடிப்புறத்தில் தேட வேண்டும்.

கரும்படலம் அந்தச் சர்க்கரையின் மீது வளரும் பூஞ்சணம். அது இலைக்குள் நுழைவதில்லை; இலையின் மீது படர்ந்து வெயிலை மறைத்து, ஒளிச்சேர்க்கையைக் குறைக்கிறது, அவ்வளவே. ஆகையால் அதற்கெனப் பூஞ்சாணக்கொல்லி தெளிப்பதில் பயன் இல்லை.

இனி தங்கள் முதன்மையான ஐயத்துக்கு வருகிறேன். செத்த மென்செதில் பூச்சி உடனே உதிர்வதில்லை; வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், காய்ந்த ஓடாக அதே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். எனவே உதிர்ந்ததா என்பதை வைத்து மருந்தின் பலனை மதிப்பிடவே கூடாது. செடியின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து சில புடைப்புகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் நகத்தாலோ ஊசியாலோ அழுத்திப் பாருங்கள். ஈரமாக நசுங்கி, மஞ்சளாகவோ நிறமற்றோ திரவம் வந்தால் பூச்சி உயிருடன் இருக்கிறது. உலர்ந்த தவிடாக நொறுங்கினால் இறந்துவிட்டது. இன்னொரு அடையாளம், தெளிப்புக்குப் பின் துளிர்த்த புதிய இலைகள். அவை பிசுபிசுப்பின்றியும் புடைப்பின்றியும் இருந்தால், பழைய இலையில் எத்தனை ஓடுகள் ஒட்டியிருந்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை.

வாரந்தோறும் தெளித்தும் பூச்சி குறையவில்லை என்றால், அதற்கு அதன் வாழ்க்கைச் சுழற்சியே பெரும்பாலும் காரணமாக இருக்கும். முதிர்ந்த பெண் பூச்சியின் முதுகுத்தோல் தடித்து, மெழுகேறிப் போயிருப்பதால், மேலே படும் மருந்து அதைக் கொல்வது கடினம். அதன் வயிற்றுக்கு அடியில், அதாவது அதற்கும் இலைக்கும் இடையில், குஞ்சுகளோ முட்டைகளோ பத்திரமாக இருக்கின்றன. பழுப்பு மென்செதில் பூச்சியில் பெரும்பாலும் ஆணே தேவைப்படுவதில்லை. பெண் பூச்சி புணர்ச்சியின்றியே குஞ்சுகளை ஈனுகிறது. வெளியே வரும் குஞ்சு அரை மில்லிமீட்டர் அளவே இருக்கும். ஆறு கால்களும் உணர்கொம்புகளும் கொண்ட அது, ஓரிரு நாள் ஊர்ந்து திரிந்து, நரம்போரமாக ஓரிடத்தைத் தெரிந்தெடுத்து வாயுறுப்பைச் செலுத்தி அமர்கிறது. காற்றில் அடித்துச் செல்லப்பட்டு அடுத்த செடிக்குப் போவதும் இந்தப் பருவத்தில்தான். மெழுகு தடிக்காத இந்த ஊரும் குஞ்சுகளும், அண்மையில் அமர்ந்த இளம்பூச்சிகளுமே எண்ணெய்க்கும் சோப்புக்கும் எளிதில் மடிபவை. தெளிப்பு இப்பருவத்தைக் குறிவைத்தால் பலிக்கும். முதிர்ந்த புடைப்புகளைக் குறிவைத்தால் உழைப்புதான் வீண்.

அந்தப் பருவத்தை அறிய, புடைப்புகள் நிறைந்த சிறு கிளை ஒன்றில் இருபுறமும் ஒட்டும் நாடாவைச் சுற்றிவிட்டு, சில நாளுக்கு ஒருமுறை எடுத்து லென்ஸில் பாருங்கள். மஞ்சள் நிறத் தூசி போன்ற புள்ளிகள் ஒட்டியிருந்து, அவற்றுக்குக் கால்கள் இருந்தால் குஞ்சுகள் வெளிவரத் தொடங்கிவிட்டன என்று பொருள். குளிர்காலம் கடுமையாக உள்ள பகுதிகளில் பல மென்செதில் இனங்களுக்கு ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். அங்கே குஞ்சுகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் வெளிவரும். வெப்பமான இடத்திலும் வீட்டுக்குள்ளும் பழுப்பு மென்செதிலின் தலைமுறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போவதால், ஒரே செடியில் எல்லாப் பருவமும் எப்போதும் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு தெளிப்போடு நிறுத்திவிட முடியாது.

பதில்: கவாத்துக்கத்தி

இலைநரம்பு அவர்கள் கூறியதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் ஒற்றைத் தொட்டிச் செடிக்கு இவ்வளவு காத்திருப்பு எதற்கு என்று தோன்றுகிறது. மருந்தைக் கையில் எடுக்கும் முன் கைகளையே பயன்படுத்துங்கள். அளவுக்கு மிஞ்சிப் பூச்சி அடைந்த இலைகளையும் உள்நோக்கி வளர்ந்த குச்சிகளையும் வெட்டி, உறையில் இட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். செடிக்கு அடியில் போட்டால் குஞ்சுகள் ஏறி வந்துவிடும். எஞ்சிய புடைப்புகளைப் பழைய பல்துலக்கியைச் சோப்பு நீரில் தோய்த்துத் தேய்த்தால் பெரும்பாலும் வந்துவிடும். இலையில் தேய்க்கும்போது அடிப்புறத்தில் ஒரு கையைத் தாங்கலாக வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் இலை கிழியும். வாயுறுப்பு முறிந்து பிரிக்கப்பட்ட பூச்சி மீண்டும் இலையில் அமர்ந்து உறிஞ்ச இயலாது. சில செடிகளே இருந்தால், 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் தொட்டுத் துடைப்பதும் உதவும். முதலில் ஓர் இலையில் மட்டும் தடவி, கருகுகிறதா என்று ஓரிரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகுதான் தெளிப்பு. வேப்பெண்ணெய் என்றால் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லிலிட்டர் அளவில், சோப்புக் கரைசலில் நன்கு குழம்பும்படி கலக்க வேண்டும். எண்ணெய் மேலே மிதந்தால் சில இலைகளுக்கு வெறும் நீரும் சில இலைகளுக்கு வெறும் எண்ணெயுமாகப் போய்ச் சேரும். தோட்டத்துக்கென விற்கும் கனிம எண்ணெய்கள் பொதுவாக 1 முதல் 2 சதவீதம் வரை பயன்படுகின்றன. புட்டியின் மீது அச்சிட்ட அளவே இறுதியானது. மீன் எண்ணெய் ரோசின் சோப்பு கிடைக்குமானால், லிட்டருக்கு 25 கிராம் வீதம் கரைத்துத் தெளிப்பது செதில் பூச்சிக்கு நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ள முறை. எந்த எண்ணெயாக இருந்தாலும் அது நஞ்சூட்டிக் கொல்வதைவிட, பூச்சியின் மூச்சுத் துளைகளை அடைத்துக் கொல்வதே முதன்மையானது. எனவே திரவம் படாத பூச்சி சாகாது. இலையின் மேற்புறத்தை நனைத்துவிட்டுப் போவதில் பயனில்லை. தெளிப்பானின் முனையைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடித்து, நடு நரம்பின் ஓரம் சொட்டச் சொட்ட நனைய வேண்டும்.

வாரந்தோறும் தெளிப்பதை நிறுத்துங்கள். எண்ணெய் இலையின் மூச்சையும் அடைக்கக்கூடியது. 10 முதல் 14 நாள் இடைவெளி விட்டு, குஞ்சுகள் தென்படும் காலத்தில் மட்டுமே தெளித்தால் போதும். வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வேளையிலும், மண் வறண்டு செடி வாடியிருக்கும்போதும் எண்ணெய் தெளித்தால் இலை கருகும். முந்தைய நாளே நீர் விட்டு, மாலையில் தெளிப்பது நல்லது. இன்னொன்றையும் கேட்க வேண்டும்: நீங்கள் முன்பு தெளித்த பூஞ்சாணக்கொல்லி கந்தகம் சார்ந்ததா? ஆம் என்றால், கந்தகமும் எண்ணெயும் அடுத்தடுத்துப் படும்போது இலை தீய்ந்துவிடும் என்பதால், இரண்டுக்கும் இடையில் ஒரு மாத இடைவெளியாவது விடுவதே பாதுகாப்பு.

பதில்: பொறிவண்டு

இருவரும் எறும்பைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டார்கள். என் பார்வையில் இந்தச் செடியின் சிக்கலில் பாதி எறும்புதான்.

மென்செதில் பூச்சிக்கு இயற்கையில் எதிரிகள் ஏராளம். மெட்டாஃபைகஸ், காக்கோஃபேகஸ் போன்ற பேரினங்களைச் சேர்ந்த ஒட்டுண்ணிக் குளவிகள், ஓரிரு மில்லிமீட்டர் நீளமே உடையவை, செதிலுக்குள் முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று வளர்கிறது. பொறிவண்டுகளும் அவற்றின் புழுக்களும் குஞ்சுகளையும் முட்டைகளையும் தின்கின்றன. ஈரப்பதம் மிகுந்த காலத்தில் வெர்டிசிலியம் லெக்கானி என்று பழைய பெயரால் இன்றும் அழைக்கப்படும் பூஞ்சை பூச்சியைத் தாக்கி, அதன் ஓரத்தைச் சுற்றி வெண்ணிற வளையமாக வளர்கிறது. காப்பிச் செடியின் பச்சைச் செதில் பூச்சி மழைக்காலத்தில் கூட்டங்கூட்டமாக மடிவதற்கு இந்த வெண்வளையப் பூஞ்சையே பெரிதும் காரணம். இத்தனை எதிரிகள் இருந்தும் ஒரு செடியில் மட்டும் மென்செதில் பெருகுகிறது என்றால், யாரோ அவற்றைத் தடுக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும். பெரும்பாலும் அது எறும்பு. இனிப்புக் கழிவுக்காகச் செதில்களைச் சூழ்ந்து நிற்கும் எறும்புகள், முட்டையிட வரும் குளவியையும் இரை தேடி வரும் பொறிவண்டையும் துரத்திவிடுகின்றன. கழிவை உடனுக்குடன் உண்டுவிடுவதால், செதில்கள் தம் கழிவிலேயே மூழ்கிக் கெடாமலும் காக்கின்றன.

ஆகவே முதலில் எறும்பின் ஏற்றத்தை நிறுத்துங்கள். அடித்தண்டில் துணி நாடாவையோ தடித்த காகிதத்தையோ இறுகச் சுற்றி, அதன்மேல் உலராத பசையைப் பூசுங்கள். பட்டை மீது நேரடியாகப் பூசினால் இளந்தண்டு புண்ணாகும். சுவரையோ அடுத்த செடியையோ தொடும் கிளை ஒன்றே ஒன்று இருந்தாலும் எறும்பு அதையே பாலமாக்கிக்கொள்ளும் என்பதால், அத்தகைய கிளைகளைக் குறைத்துவிட வேண்டும். தொட்டியின் அடியில் கால்கள் வைத்து, கால்களை நீர்த்தட்டில் நிறுத்துவதும் பயன்படும். எறும்புப் புற்று தொட்டி மண்ணுக்குள்ளேயே இருந்தால் இவை எதுவும் பயன்படாது. அப்போது 1 சதவீதத்துக்கு மிகாமல் போரிக் அமிலம் கலந்த சர்க்கரைக் கரைசலைக் குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாத மூடிய தூண்டியில் வைக்கலாம். அளவைக் கூட்டினால் வேலைக்கார எறும்பு புற்றுக்குப் போய்ச் சேரும் முன்பே செத்துவிடும், புற்று பிழைத்துக்கொள்ளும்.

வேரில் ஊற்றும் மருந்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அது இமிடாகுளோபிரிட் ஆகத்தான் இருக்கும். புளோயம் சாற்றை உறிஞ்சும் பூச்சியை அது கொல்லும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சாற்றில் ஏறும் மருந்து பூவின் மதுவிலும் மகரந்தத்திலும் ஏறும். தேனீ வரும் எலுமிச்சைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஐரோப்பிய ஒன்றியம் 2018-ஆம் ஆண்டில் இம்மருந்தைத் திறந்தவெளியில் பயன்படுத்துவதற்குத் தடை விதித்ததும் தேனீக்களை முன்னிட்டுத்தான். உண்ணும் காயில் எஞ்சும் நஞ்சு வேறு.

நந்தியாவட்டை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பூஞ்சாணக்கொல்லியின் உறையைப் பார்த்தேன். அதில் கந்தகம் இல்லை. லென்ஸ் கொண்டு பார்த்ததில் சில செய்திகள் தெரிய வந்தன. மேல்கிளைப் புடைப்புகளில் பல, அழுத்தினால் ஈரமாக நசுங்குகின்றன. கீழ்க்கிளைப் புடைப்புகளில் கணிசமானவை கறுத்துப்போய், முதுகில் ஊசியால் குத்தியது போன்ற வட்டமான துளையுடன் உள்ளே வெறுமையாக இருக்கின்றன. அவை எண்ணெயால் செத்தவையா?

ரோஜாத் தண்டில் உள்ளவை வேறாகத் தெரிகின்றன. வட்டமான வெண்ணிற மேலோட்டை ஊசிமுனையால் நெம்பினால் அது தனியே கழன்று வருகிறது. அடியில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு உயிர் தண்டிலேயே தங்கிவிடுகிறது. ரோஜா இலைகளில் பிசுபிசுப்பும் இல்லை, எறும்பும் இல்லை. இவற்றைத் தவிர, எலுமிச்சையின் முதிர்ந்த தண்டு ஒன்றில், பளபளப்பான அடர்பழுப்பு நிறத்தில், அரைக்கோள வடிவில் இரண்டு மூன்று புடைப்புகள் இருந்தன. ஒன்றைப் புரட்டியபோது கவிழ்த்த கிண்ணத்துக்குள் மாவு கொட்டிவைத்தாற்போல இளஞ்சிவப்புப் பொடி சிதறியது. அது என்னவாக இருக்கும்?

பதில்: இலைநரம்பு

நல்ல கூர்மையான கவனிப்பு. முதலில் துளைகள். எண்ணெயால் செத்த பூச்சியில் துளை இருக்காது. வட்டமான, விளிம்பு ஒழுங்காக உள்ள துளை என்பது, பொறிவண்டு அவர்கள் சொன்ன ஒட்டுண்ணிக் குளவி உள்ளே வளர்ந்து முடிந்து வெளியேறிய வழி. துளை இல்லாமல் கறுத்துப்போயிருக்கும் புடைப்புகளில் குளவியின் புழுவோ கூட்டுப்புழுவோ இன்னும் உள்ளே இருக்கலாம். அவற்றைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். தங்களுக்கு வேண்டிய படை ஏற்கெனவே வந்து இறங்கியிருக்கிறது. கீழ்க்கிளைகளில் எண்ணெய் தெளிப்பதை அடியோடு நிறுத்திவிட்டு, ஈரமாக நசுங்கும் பூச்சிகள் உள்ள மேல்கிளைகளை மட்டும் கையால் தேய்த்து, அங்கு மட்டும் தெளியுங்கள். எறும்புத் தடையைப் போட்டுவிட்டால் குளவிகள் மேலேயும் ஏறிவரும். 1937-ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகளில் கருஞ்செதில் பூச்சியை அடக்குவதற்காகத் தென்னாப்பிரிக்காவிலிருந்து மெட்டாஃபைகஸ் ஹெல்வோலஸ் என்ற குளவியை வரவழைத்து விட்டார்கள். தங்களுக்கு அந்தச் செலவின்றியே ஏதோ ஓர் உள்ளூர் இனம் வந்து வேலை செய்துகொண்டிருக்கிறது.

அரைக்கோளப் புடைப்பு, சைசெட்டியா பேரினத்தைச் சேர்ந்த முதிர்ந்த தாய்ப்பூச்சி. பழுப்பு மென்செதிலைப் போலன்றி இது முட்டையிடுவது. சிதறிய இளஞ்சிவப்புப் பொடி முழுவதும் முட்டைகள்; ஒரு தாயின் அடியில் நூற்றுக்கணக்கிலும், சில வேளைகளில் ஆயிரத்துக்கு மேலும் இருக்கும். முட்டையிட்டு முடித்ததும் தாய் இறந்து, காய்ந்த ஓடாக அவற்றை மூடிக் காக்கிறது. எனவே இந்த வகையில், அழுத்திப் பார்த்து உலர்ந்திருக்கிறது என்பதால் விட்டுவிடக் கூடாது. புரட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். முதுகில் ஆங்கில எழுத்து எச் வடிவில் மேடு தெரிந்தால் அது கருஞ்செதில். மேடின்றி வழுவழுப்பாக இருந்தால் அரைக்கோளச் செதில். இளம் பருவத்தில் அரைக்கோளச் செதிலுக்கும் அந்த மேடு இருக்கும் என்பதால், முதிர்ந்த பூச்சியை வைத்தே பிரித்தறிய வேண்டும். இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஒன்றுதான் என்பதால், பெயரைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டு மூன்று தாய்ப்பூச்சிகளே இருப்பதால், அடியில் ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, பொடி சிந்தாமல் சுரண்டி எடுத்து நசுக்கிவிடுங்கள்.

ரோஜாவில் இருப்பது கவசச் செதில் என்னும் வேறொரு குடும்பம். மேலோடு தனியே கழன்று, உடல் தண்டிலேயே தங்கினால் கவசச் செதில். ஓடும் உடலும் ஒன்றாகவே பிரிந்து வந்தால் மென்செதில். கவசச் செதில் புளோயத்தைத் தொடாமல் மற்றத் திசுக்களின் உயிரணுக்களைத் துளைத்து அவற்றின் உள்ளடக்கத்தை உறிஞ்சுவதால், அதற்கு வெளியேற்றுவதற்கு மிகுதிச் சர்க்கரை இல்லை. எனவேதான் பிசுபிசுப்பும் கரும்படலமும் எறும்பும் அங்கே இல்லை. முதல் தோலுரிப்புக்குப் பின் அதற்குக் காலும் இல்லை. மென்செதிலுக்கோ கால்கள் கடைசிவரை இருப்பதால், இளம்பருவத்தில் மெல்ல இடம் மாறிக்கொள்ளும். இந்த வேறுபாடு மருந்து விஷயத்திலும் முக்கியம்: வேரில் ஊற்றும் இமிடாகுளோபிரிட் மென்செதிலைக் கொல்வதுபோல் கவசச் செதிலைப் பெரும்பாலும் கொல்வதில்லை. ரோஜாவைக் கவாத்து செய்து, தண்டைத் தூரிகையால் தேய்த்து, பிறகு எண்ணெய் தெளிப்பதே வழி.

பதில்: நிழல்மரம்

தொட்டி எலுமிச்சைக்கு மேலே சொன்னவை பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் வேரில் ஊற்றும் மருந்தை ஒரேயடியாக ஒதுக்குவது எல்லா இடத்துக்கும் சரிவராது. தெளிப்பான் எட்டாத உயரமுள்ள நிழல் மரம் ஒன்றில் மென்செதில் அடைந்து, கீழே செல்வோர் மீதெல்லாம் இனிப்புக் கழிவு சொட்டி, ஆண்டுதோறும் கிளைகள் காய்ந்துகொண்டு வந்தால், பல்துலக்கியால் என்ன செய்ய முடியும்? உயரத்துக்கு விசைத் தெளிப்பானால் பைரித்ராய்டு போன்ற பரந்த வீச்சுள்ள மருந்தை அடித்தால், அது காற்றில் பரவி எல்லா உயிரையும் தாக்கும். எஞ்சிய செதில்கள் எதிரியின்றிப் பெருகும். டிடிடி பூச்சிக்கொல்லி புழக்கத்துக்கு வந்த 1940-களின் பிற்பகுதியில் இதே கலிஃபோர்னியாத் தோப்புகளில் நடந்தது அதுதான். 1888-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த வெடாலியா பொறிவண்டு அரை நூற்றாண்டுக்கு மேலாக அடக்கி வைத்திருந்த பஞ்சுமெத்தைச் செதில் பூச்சி, வண்டுகள் மருந்தில் மாண்டதும் மீண்டும் தலைதூக்கியது. அது மென்செதில் குடும்பத்தைச் சேர்ந்ததன்று என்றாலும் பாடம் இங்கும் பொருந்தும். அதைவிட, தேனீ நாடாத மரத்துக்கு, அல்லது பூத்து முடிந்த மரத்துக்கு, சட்டம் இடம் தரும் இடத்தில், வேர்வழி மருந்தை ஒருமுறை இடுவது குறைந்த தீமை என்பது என் கருத்து.

பதில்: பொறிவண்டு

நிழல்மரம் அவர்கள் குறிப்பிடும் உயரமான மரத்தின் நிலை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் பூ இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று ஆகிவிடாது. எலுமிச்சைக் குடும்ப மரங்களுக்கு நியோநிகோட்டினாய்டு (இமிடாகுளோபிரிட் சேர்ந்த வகை) மருந்து இட்டு, அவற்றின் சாற்றை உறிஞ்சிய மாவுப்பூச்சிகளின் இனிப்புக் கழிவைச் சோதித்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. அந்தக் கழிவை உண்ட மிதவை ஈக்களும் ஒட்டுண்ணிக் குளவிகளும் நஞ்சேறி மடிந்தன. மென்செதிலும் அதே புளோயத்தை உறிஞ்சி அதே வகைக் கழிவை வெளியேற்றுவதுதான். செதில் உடனே சாகாமல் சில நாள் பிழைத்திருந்தால், அது சொட்டும் ஒவ்வொரு துளியும் குளவிக்கு நஞ்சாகலாம். ஆகவே உயரமான மரத்திலும் முதலில் எறும்புத் தடையைப் போட்டு ஒரு பருவம் பார்த்துவிட்டு, அதற்குப் பின்னும் கிளை காய்ந்தால் மட்டுமே மருந்தைப் பற்றி எண்ணலாம் என்பதில் நான் பின்வாங்க மாட்டேன்.

நந்தியாவட்டை

வேர்வழி மருந்தை விட்டுவிடுகிறேன். எறும்புத் தடையை இன்றே போட்டுவிட்டேன். இறுதியாக இரண்டே ஐயங்கள்: இலையில் படிந்துள்ள கரும்படலத்தை எப்படி நீக்குவது? செடி மெலிந்திருப்பதால் தழைச்சத்து உரம் சற்றுக் கூடுதலாக இடலாமா?

பதில்: கவாத்துக்கத்தி

உரத்தை இப்போது கூட்டாதீர்கள். தழைச்சத்து மிகுந்தால் சாற்றில் அமினோ அமிலம் கூடும். இலைநரம்பு அவர்கள் கூறியபடி செதிலுக்குப் பற்றாக்குறையாக இருப்பதே அதுதான். மென்மையான துளிர் வேறு ஏராளமாகக் கிளம்பி, குஞ்சுகளுக்கு அமர இடம் கொடுக்கும். வழக்கமான அளவில் பாதியை இட்டு, நீரைத் தவறாமல் விடுங்கள். புதிய துளிர் சுத்தமாக வரத் தொடங்கிய பிறகு முழு அளவுக்குத் திரும்பலாம்.

கரும்படலத்துக்குத் தனியாக மருந்து வேண்டாம். இனிப்புக் கழிவு நின்றுவிட்டால் அது காய்ந்து, மழையிலும் வெயிலிலும் தானே உரியும். காத்திருக்க மனமில்லை என்றால் வெதுவெதுப்பான சோப்பு நீரில் நனைத்த துணியால் இலைகளைத் துடைத்துவிடலாம். இலைகள் பல இருந்தால் 5 சதவீத ஸ்டார்ச் கரைசல் தெளிப்பது எளிது: 1 கிலோ ஸ்டார்ச்சை 5 லிட்டர் நீரில் காய்ச்சி, ஆறிய பின் 20 லிட்டராக்குவது பெரிய மரங்களுக்கான அளவு; தொட்டிச் செடிக்கு அதே விகிதத்தில் 50 கிராமை ஒரு லிட்டருக்குக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நல்ல வெயில் நாளில் தெளித்தால் கஞ்சி காய்ந்து, கரும்படலத்தையும் பற்றிக்கொண்டு செதிள்செதிளாக உதிரும். மேகமூட்டமான நாளில் தெளித்தால் ஈரம் தங்கிப் பூஞ்சணத்துக்கே தீனியாகிவிடும். குளவித் துளைகள் உள்ள கீழ்க்கிளை இலைகளின் அடிப்புறத்தில் மட்டும் கஞ்சி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; கரும்படலம் மேற்புறத்தில்தானே இருக்கிறது.